அப்பாதுரையின் முட்டி

செம்பாக்கத்துத் தனக்கோடி நிலத்தை விற்று வாங்கிய பழைய பஸ்ஸில் இரண்டாவது கியர் நிற்காது. கையை எடுத்தால் எகிறி வெளியே வந்துவிடும். வேலைக்குப் போகும் பெண்களான எங்களைத் தாம்பரத்தில் ஏற்றி, சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனியில் இறக்கும் வண்டி அது. வண்டலூர் ஏற்றத்தில் டிரைவர் அப்பாதுரை இடது முட்டியைக் கியர் ராடுக்கு முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். ஏற்றம் முடிந்ததும், மலையைத் தூக்கி இறக்கியவர் மாதிரி எங்களைத் திரும்பிப் பார்ப்பார். மற்றபடி நல்லவர். ஓடி வரும் பெண்ணை விட்டுவிட்டுப் போகமாட்டார்.

அந்த முட்டியால் அவருக்கு வந்த மரியாதை கொஞ்சமல்ல. மாற்று டிரைவர்கள் இரண்டு பேர் ஒரே நாளில் ஓடிப்போனார்கள். முதலாளி தனக்கோடியே அவரை 'அண்ணா' என்றார்.

"அரை நாள் வேலை. சரி பண்ணிடட்டா?" என்று மெக்கானிக் யேசுதாசன் கேட்டபோது அப்பாதுரை பதறிவிட்டார்.

"யோவ், கம்முனு இரு. கியர் நின்னுச்சின்னா என்னை யாரு வெச்சிப்பா?"

எண்பத்தேழில், வருடா வருடம் எடுக்கும் எஃப்.சி. தகுதிச் சான்றுக்குப் புது பிரேக் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். வண்டியைத் தானே ஓட்டிப் பார்ப்பவராம். அவர் கையில் கியர் எகிறினால் வண்டி ஷெட்டில், அப்பாதுரை வீட்டில். வேறு வழியில்லாமல் யேசுதாசனை வைத்து ரகசியமாகச் சரிசெய்தார். எங்களோடு வேலைக்கு வரும் யேசுதாசன் மனைவி ஞானம்மாள் வாயில் எதுவும் தங்காது. முதலாளி வீட்டாரைத் தவிர வண்டியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஓட்டினார், கையெழுத்துப் போட்டார். தனக்கோடிக்கு யோசனை பிறந்தது.

"இன்ஸ்பெக்டரே ஓட்டிட்டாரு. இனிமே யாரு ஓட்டினா இன்னா?"

திங்கட்கிழமை ஸ்டியரிங்கில் முதலாளியின் மச்சான் ஜெயவேலு, அதுவரை எங்கள் வண்டிக் கிளீனர். பழக்கிவிட அந்த ஒரு நாள் மட்டும் அப்பாதுரை பக்கத்தில், மடியில் டிபன் பாக்ஸோடு.

வண்டலூரில் ஜெயவேலு இரண்டாவது கியரைப் போட்டான். இத்தனை நாள் பார்த்த பழக்கம், முட்டி தானாகப் போய் ராடில் உட்கார்ந்தது. பல்லையும் கடித்தான்.

"இன்னாப்பா, வண்டி ஓட்றியா, புள்ள பெத்துக்கினு கீறியா?" என்றாள் எங்களில் ஒருத்தியான செல்வமேரி.

"அண்ணா, போதுமா?" என்று ஜெயவேலு அப்பாதுரையைக் கேட்டான்.

"இன்னும் அழுத்து. எகிறிடப் போவுது," என்றார் அப்பாதுரை.

ராடு கொடிமரம் மாதிரி அசையாமல் நின்றது. நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

ஜெயவேலு நொண்டிக்கொண்டே இறங்கினான். மறுநாள் முட்டி தேங்காய் அளவு வீங்கியிருந்தது.

தனக்கோடியே நேரில் வந்தார். "நீயே ஓட்டுண்ணா. இன்ஸ்பெக்டருது கவர்மெண்ட்டு காலு, தாங்கிச்சி. வூட்டுக் காலுக்கு ஆவாது."

அன்று முதலாளியும் எங்களோடு வந்தார். ஏற்றத்தில் அப்பாதுரை முட்டியைக் கொடுத்து, முன்னைவிட அதிகமாக முனகினார். நாங்கள் நாற்பது பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.