அண்ணன் கேட்காத கேள்வி

திருப்பதி ஆஸ்பத்திரியில் என் அண்ணன் நினைவில்லாமல் படுத்திருந்தார். அவருக்குக் கேட்டாலும் கேட்கலாம், பக்கத்தில் நின்று பேசுங்கள் என்றார் டாக்டர். நான் சும்மா நின்றுவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் அண்ணன் கேட்டால் தம்பி பதில் சொல்வான். தானாகப் பேச்செடுக்க மாட்டான்.

வெளியே பெஞ்சில், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகன் போனில் ஏஐயைத் திறந்து கொடுத்தான். எங்கள் ஊர் புத்தலப்பட்டு என்றதும், அங்கே என்ன பயிர் வைக்கிறீர்கள் என்று அது தமிழில் விசாரித்தது. தயங்காமல் சொன்னேன். பிறகு, "நான் சொல்றது உன் மனசுல படுதா?" என்று கேட்டேன். தனக்கு உணர்வு உண்டா என்பது தனக்கே உறுதியாகத் தெரியாது என்றது.

மகன் சிரித்தான். "இதுங்கிட்ட இவ்ளோ பேசிக்கினு இருக்கற. பெரியப்பாகிட்ட ஒரு வார்த்த வரல உனக்கு, நைனா."

"இது கேக்குது, சொல்றேன். அண்ணன் ஒண்ணும் கேக்கலயே."

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். நான் நிலத்திலிருந்து வந்ததும் அண்ணன் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்டுவிட்டதாகவே வைத்துக்கொண்டேன்.

"கரெண்டு காலையிலயே வந்துட்ச்சிண்ணா. கரும்புக்குத் தண்ணி கட்டிட்டேன்."

அவர் முகத்தில் அசைவில்லை. அடுத்து என்ன கேட்பாரோ, அதற்கும் பதில் சொன்னேன்.