ஒரோன்சோவின் மப்ளர்

மே மாதத்தில் மப்ளர் கட்டிக்கொண்டு என் காபிக்கடைக்குள் நுழைந்தவனை நோயாளி என்றுதான் நினைத்தேன். கம்பளி பனியன், சட்டை, ஸ்வெட்டர், அதற்கும் மேல் கோட்டு. இத்தாலியின் வடக்கு மூலையில் இருக்கும் எங்கள் த்ரெந்தோவில் அன்று வெயில் கொளுத்தியது. எங்கள் ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு தேவாலயச் சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உடம்பு சரியில்லையா தம்பி?"

"நல்லாத்தான் இருக்கேன் சின்யோரா. தெக்கேருந்து வரேன், நார்தோங்கற ஊரு."

கேட்கவே வேண்டாம். தெற்கத்திக்காரர்களுக்கு எங்கள் ஊர் ஐஸ் பெட்டி.

பெயர் ஒரோன்சோ. மேல்படிப்புக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. இத்தனை வயதாகியும் அம்மா கோசிமாதான் மீனில் முள் எடுத்துக் கொடுக்கிறாளாம். இந்தப் படிப்பை விட்டால் அந்த வீட்டிலிருந்து தப்பிக்க வேறு வழியில்லை என்றான். அம்மாவோ நிபந்தனை போட்டிருந்தாள். ஒரு பகல் அங்கே சுற்றிவிட்டு வா, காற்று பட்டு ஒரு தும்மல் தும்மினாலும் படிப்பும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்.

"அவங்களுக்கு எப்படித் தெரியப் போகுது? கழட்டிப் போடு."

ஜன்னல் வழியே மணிக்கூண்டு மேலிருந்த கேமராவைக் காட்டினான். பனி விழுந்திருக்கிறதா என்று சறுக்க வருகிறவர்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்க, ஊரெல்லாம் கேமரா வைத்திருக்கிறார்கள். நாங்கள் யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கோசிமா அம்மாள் நார்தோவில் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"கண்ணு, கடைக்குள்ள போறப்ப மப்ளர் ஏன் தொளதொளன்னு இருந்துச்சு?"

"இறுக்கிட்டேம்மா."

"உனக்கு முன்னாடி ஒருத்தி கையில்லாத சட்டை போட்டுட்டுப் போனாளே, அவளுக்குத் தாயே கிடையாதா?"

அது என் மகள். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். கடைக்கு மேலே மாடி அறை காலியாகக் கிடந்தது. இவன் சேர்ந்தால் குடிவைக்கலாம். நானும் பிழைக்க வேண்டாமா?

போனை வைத்ததும் யோசனை சொன்னேன். "கேமரா இருக்கிற இடத்துக்கெல்லாம் போ. சிரிச்சுக்கிட்டே நில்லு. போன்ல ஊரை ஆஹா ஓஹோன்னு சொல்லு. அவங்க மனசு இளகணும்."

பையன் சொன்னதைத் தட்டவில்லை. கோட்டை வாசலில் நின்று பூந்தோட்டத்தைப் புகழ்ந்தான். ஆற்றுப் பாலத்தில் நின்று தண்ணீரைப் புகழ்ந்தான். மதியம் கேமராவுக்குத் தெரியும்படி என் கடை வாசலில் உட்கார்ந்து சூடான சூப்பில் மிதக்கும் ரொட்டி உருண்டையைக் கோட்டோடு தின்றான். நெற்றி வியர்வை சூப்பில் சொட்டியது. பார்த்த எனக்கே எரிச்சலாக வந்தது.

பிறகு கம்பிவட வண்டியில் மலைக்கு ஏறினான். மேலே கேமரா முன்னால் நின்றபோது தும்மல் வந்துவிட்டதாம். ஷூ கயிறு கட்டுகிறவன் மாதிரி குனிந்து, மப்ளருக்குள்ளேயே தும்மி முடித்தானாம். அந்தத் துணியால் ஆன ஒரே உபகாரம் அதுதான்.

சாயங்காலம் வெந்த தக்காளியாகத் திரும்பி வந்தான். காபி இயந்திரத்துக்குப் பின்னால் எந்தக் கேமராவுக்கும் எட்டாத மூலையில் ஒவ்வொன்றாகக் கழற்றினான். பனியனைப் பிழிந்தால் வாளி நிறைந்திருக்கும். அப்போது மறுபடி போன், ஸ்பீக்கரில்தான்.

"தும்மலியே கண்ணு?"

"இல்லவே இல்லம்மா."

ஒரோன்சோ போனருகே காதைக் கொண்டுபோனான். நானும்தான்.

"சரி, அங்கேயே சேர்ந்துக்க."

அவன் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். அவளோ நிறுத்தவில்லை.

"காலையிலேருந்து நானும் உன்கூடவே சுத்திட்டேன் போ. என்ன ஊருடா அது. அந்த மலை மேல வெயில் சாயறப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. கல்யாணம் ஆன நாளா இந்த அடுப்படியைத் தவிர என்னத்தைக் கண்டேன்? நானும் வந்துடறேன். உனக்கும் சமைக்க ஆள் வேணும்ல. ரெண்டு கட்டில் போட்ட ரூம் அங்க எங்கேயாவது இருக்கான்னு கேளு."

ஒரோன்சோ என்னைப் பார்த்தான். சட்டைகூட இல்லாமல் நின்று, இல்லை என்று சொல்லும்படி தலையை ஆட்டிக் கெஞ்சினான். பாவமாகத்தான் இருந்தது.

நான் போன் பக்கம் குனிந்தேன்.

"இருக்கும்மா. என் மாடியிலேயே இருக்கு. சதுக்கத்துப் பக்கம் ஜன்னல். காத்து கொஞ்சம்கூட உள்ள வராது."