முந்திரி அரைத்த சொதி

முந்திரிப்பருப்பு எனக்கு ஆகாது. ஒரு துண்டு உள்ளே போனாலும் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிடும். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குற்றாலத்தில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு மட்டும் இது நான் காட்டும் வெறும் பவிசு. "எல்லாம் மனசுதான். தெரியாமத் தின்னா ஒண்ணும் செய்யாது" என்பார் மதினி.

போன சீசனில் முட்டிவலிக்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். வெகுகாலம் கழித்து, கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கினேன். அந்த வாரமே மதினி வீட்டில் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால் குழம்புதானே என்று நம்பி மறுபடியும் வாங்கி ஊற்றிக்கொண்டேன். இலையை மடிப்பதற்குள் முகம் வீங்கி மூச்சு இழுத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், சாப்பாட்டில் ஆகாதது ஏதாவது சேர்ந்ததா என்று கேட்டார். எங்கள் பக்கம் பெண்டாட்டியின் நோய்க்குப் புருஷன்தான் பதில் சொல்வார். எனக்கோ அன்று பேச்சே வரவில்லை. "வழக்கமான சாப்பாடுதான் டாக்டர்" என்றார், என் கையைப் பிடித்தபடி. பழி மாத்திரை மேல் விழுந்தது. இனி அதைத் தொடவே கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். முட்டி பழையபடி படுத்தியது.

இந்த சீசனில் மதினி வீட்டுக்கு வந்த சொந்தக்காரி ஒருத்தி சொதியைப் புகழ்ந்தாள். "முந்திரி அரைச்சு விடணும்" என்று சிரித்தார் மதினி. "போன வருசம் இவளுக்கும் சொல்லாமக் குடுத்துப் பாத்தோம்லா. நல்லாத்தான் தின்னா. மாத்திரைதான் ஒத்துக்கல."

பார்த்தோமாம். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் கேட்டேன், உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா என்று. தெரியும் என்றார். "டாக்டர் முன்னால அக்காவ எப்படிக் காட்டிக் குடுக்கச் சொல்லுத? பெறகு அவ மூஞ்சில முழிக்க முடியுமா?"

என் மூஞ்சியில் மட்டும் இத்தனை நாளும் முழித்திருக்கிறார். மூச்சுக்குத் தவித்தவளின் கையைப் பிடித்துக்கொண்டே பொய் சொன்னாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் தனியாகப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, ஆகாத பண்டம் உள்ளே போனால் அலர்ஜி இன்னும் மூர்க்கமாக வரலாம் என்றார். பிறகு ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்து மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் செய்யவில்லை.

முட்டி இப்போது தேவலை. சாப்பாடு முடிந்ததும் மாத்திரையும் தம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டுகிறார் என் வீட்டுக்காரர், என்றைக்கும்போல. மாத்திரையை உறையிலிருந்து நானே பிரித்துக்கொள்கிறேன். தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு, வேறு பிடித்துக் குடிக்கிறேன்.