மச்சான் சவரக் கத்தி தீட்டப் பழகியது

மலைத் தண்ணீர் குழாய்வழியாக விழும் பீலியடியில் குந்தி, கவ்வாத்துக் கத்தி தீட்டும் கல்லில் ஒரு புதுச் சவரக் கத்தியை என் மச்சான் கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். பசறைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் கிளை கழித்தவர்களில், கத்திக்குக் கூர் ஏற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. விரல் தடிமனான கிளையும் ஒரே வீச்சில் பிளவில்லாமல் விழும். அந்தத் தைரியத்தில்தான் சவரக் கத்தியையும் அதே கல்லில் வைத்தார்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். நாங்கள் பணிய லயத்துக்காரர்கள், பள்ளத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள். தோட்டத்துச் சவரக்காரர் மேட்டு லயத்துக்கும் அங்கே ஆட்களை மேற்பார்த்த கங்காணி வீட்டுக்கும் மட்டும்தான் வருவார். எங்கள் சாதிக்குச் செய்வதில்லை என்பது யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. நாங்களும் ஞாயிறுகளில் பசறைக்குப் போய் முகம் மழித்துக்கொண்டு வருவோம். கடைத்தெருவில் யாரும் லயத்தைக் கேட்பதில்லை. கொஸ்லந்தைப் பக்கத்துப் பெண் ஒருத்தியை எனக்கு நிச்சயம் செய்தபோதுதான் சிக்கல் வந்தது. காப்புக் கட்டிய மாப்பிள்ளை லயத்தை விட்டுப் போகக்கூடாது. சவரமோ கல்யாணத்தன்று காலையில் நடக்க வேண்டும். அப்பா சவரக்காரரிடம் போய்க் கேட்டார். அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாராம்: "எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஒங்களுக்குச் செஞ்சேன்னா நாளைக்குக் கங்காணி வீட்ல என்னைய வாசல்ல நிக்க விடமாட்டாங்க." அடுத்த ஞாயிறு மச்சான் பதுளைக்குப் போய் ஒரு சவரக் கத்தி வாங்கி வந்தார். "மாப்புள, கல்யாணத்துக்கு நான் செஞ்சு விடுறேன்" என்றார். அதற்கு முன் அவர் எவர் முகத்திலும் கை வைத்ததில்லை.

முதல் சோதனை என் முகத்தில்தான். கத்தி முடியை அறுக்காமல் பிடுங்கியது. தாடையில் ஓர் அங்குலத்துக்கு வெட்டு. அக்கா ஓடிவந்து சாம்பலை அப்பிவிட்டு, "கல்யாணத்துக்கு மாப்புள வேணுமா வேணாமா?" என்று அவரைக் கேட்டாள். மச்சான் கத்தியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். விளிம்பு அரம்போல் இருந்தது.

மறு ஞாயிறு அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு, அதை வாங்கிய பதுளைக் கடைக்குப் போனார். கடைக்காரர் கவ்வாத்துக் கல்லின் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கண்ணாடிபோல் வழவழப்பான ஒரு கல்லைக் கொடுத்தார். கத்தியைச் சாய்த்துத் தூக்காமல் படுக்க வைக்க வேண்டும், முதுகும் கூரான வாயும் ஒன்றாகக் கல்லைத் தொட வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அதன் பிறகு வேலை விட்டு வந்த ஒவ்வொரு சாயங்காலமும் மச்சான் கல்லோடு உட்கார்ந்தார். கல்லை நனைப்பார். வாய் முன்னால் போகும்படி கத்தியைத் தள்ளுவார். கல்லின் முனையில் முதுகின்மேல் புரட்டி மறுபக்கத்தை இழுப்பார். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். இதெல்லாம் அவருக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். இருபது வருடம் அழுத்திப் பழகிய கை, அழுத்தாமல் இருக்க மறுத்தது. "கவ்வாத்துக் கத்திக்குப் பலம் வேணும். இதுக்குப் பலம் வச்சா கெட்டுப் போகுது" என்று அலுத்துக்கொள்வார். கூர் பார்க்கக் கைமுடியை மழித்து மழித்து, மூன்றாம் வாரம் அவருடைய இடது கை குழந்தையின் கைபோல் ஆகிவிட்டது. ஆனாலும் மழித்த இடம் எரிந்தது. கடைசி மெருகுக்காகக் கதவுநிலையில் ஒரு பழைய தோல் பெல்ட்டை ஆணி அடித்து அதில் தீட்டினார். கத்தி பெல்ட்டை அறுத்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, கடைக்குப் போகும் வழியில் அந்தச் சவரக்காரர் எங்கள் லயத்தைத் தாண்டினார். அறுந்த பெல்ட்டைப் பார்த்து நின்றார். மேட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"கல்லுக்கு வாய் முன்னால போகணும். தோலுக்கு முதுகு முன்னால போகணும், தம்பி. மாத்தி இழுக்குறீங்க" என்றார். இரண்டடி நடந்தவர், "தொடச்சிட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வைங்க. இந்தப் பனிக்குத் துரு ஏறிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சான் எழுந்திருக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. இதைச் சொல்ல முடிந்தவருக்கு என் முகத்தைத் தொட முடியவில்லையே என்று எனக்கு வெகுநாள் ஆத்திரம் இருந்தது. அவருக்கு இருந்த துணிச்சலின் அளவு அதுதான் என்று இந்த வயதில் தோன்றுகிறது. அதற்கு நன்றி சொல்வதா என்பது இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்தன்று காலை என் முகத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. அப்பா புறங்கையால் என் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பெண் வீட்டார் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு ஞாயிறு தோறும் எங்கள் லயத்து ஆண்கள் மச்சான் வாசலில் வரிசை கட்டினார்கள்.

சில வருடங்களில் சவரக்காரர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். அந்த வருட மழையில் மண் சரிந்து பசறைப் பாதை அடைத்துக்கொண்டது. காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் மேட்டு லயத்து ஆண்கள் தாடியோடு நின்றார்கள். கங்காணியிடமிருந்து ஓர் ஆள் வந்தான். "வீட்டுக்குப் பின்பக்கமா வந்து செஞ்சிட்டுப் போகச் சொன்னாருங்க."

மச்சான் குரலை உயர்த்தவில்லை. "கத்தி இங்கதான் இருக்கு. வேணுங்கிறவங்கள வரச் சொல்லுங்க."

அன்று யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறு கங்காணியின் மூத்த மகன் இறங்கி வந்து வரிசையின் கடைசியில் நின்றார். அவர் முறை வந்ததும் மச்சான், "வாங்க, உக்காருங்க" என்றார். சவர்க்கார நுரை தடவினார், மழித்தார், துடைத்துவிட்டார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நாங்கள் எல்லாரும் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் போன பிறகு நான் கேட்டேன். "மனசுல என்ன இருந்துச்சு மச்சான்?"

அவர் கத்திக்கு எண்ணெய் தடவிக்கொண்டே யோசித்தார். "அவருக்குத் தாடைக்குக் கீழ முடி சுழிச்சு வளந்திருக்கு மாப்புள. அத வெட்டு விழாம எடுக்கணுமே, அதுதான் இருந்துச்சு."