கொப்பியில் இல்லாத இரண்டு விரல்கள்

அண்ணனின் வலது முழங்கை முறிந்த பிறகு அவனுடைய கிளினிக் கொப்பியை நான்தான் வைத்திருந்தேன். பல்கலைக்கழக விடுமுறை அது. இலக்கியம் படிப்பவள் என்பதால் குறிப்பெடுப்பதில் எனக்குத் தனியொரு கர்வம் உண்டு. கட்டு அவிழ்த்த நாளிலிருந்து, ரப்பர் பந்தை எத்தனை தடவை பிசைந்தான், கையை எதுவரை நீட்டினான், எப்போது வலித்தது என்று ஒன்றுவிடாமல் எழுதினேன்.

பட்டிப்பொலவிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஜீப்பில் மலைமேல் ஏற்றிச் செல்வது அவன் தொழில். அந்தக் கல்ரோட்டில் வளைவுக்கு வளைவு இரண்டு தடவை ஹோர்ன் அடிக்க வேண்டும். இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். பனிமூட்டமான ஒரு காலையில், இறங்கி வந்த ஜீப் ஒதுங்கவில்லை. அதை ஓட்டியவருக்குத் தோளெலும்பு முறிந்தது. இருவருக்கும் ஒரே கிளினிக், ஒரே நாள். முதலில் தேறியவர் அவர். பிறகு ஒவ்வொரு கிளினிக் நாளிலும் எங்கள் லயத்து வீட்டுக்கு ஜீப்புடன் வந்து அண்ணனை அழைத்துப் போகத் தொடங்கினார். நான் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பேன்.

"என்னா மச்சான், தங்கச்சி இன்னிக்கும் கொப்பியத் தூக்கிக்கிட்டு வருது? எனக்கும் ரிப்போட்டு எழுதுமா?"

"ஒனக்கு எழுதுனா ஃபெயிலுதான்டா."

"நீ ஒழுங்கா ரெண்டு தடவ ஹோர்ன் அடிச்சிருந்தா நான் பாஸ்!"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். வீட்டில் என்னிடம் அவன் அப்படிச் சிரித்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன.

அன்று புறப்படுமுன் ஜன்னல் வழியே ஒன்றைக் கண்டிருந்தேன். ஜீப்பின் மறைவில் அண்ணன் நின்றிருக்க, அவர் அவனுடைய சட்டைப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். தானே போட்டுக்கொள்வதாக அண்ணன் என்னிடம் சொல்லிவந்த பொத்தான்கள். 'சட்டைப் பொத்தான்: தானே' என்று நாள்தோறும் நான் எழுதிவந்தவை. கை என்னவாயிற்று என்று நான் யோசித்திருக்க வேண்டும். இதை ஏன் என்னிடம் கேட்கவில்லை என்பது மட்டுமே மனதில் எரிந்தது.

டொக்டரின் முன்னால் அண்ணன் வாய் திறப்பதில்லை. நான் சிங்களம் சரளமாகப் பேசுவதால் கேள்விகள் என்னை நோக்கியே வரும். அவன் பக்கம் திரும்பாமலே பதில் சொல்லப் பழகியிருந்தேன். விரல்கள் மரத்துப்போகின்றனவா, சிறிய வேலைகளில் சிரமமுண்டா என்று டொக்டர் கேட்டார். காலையில் கண்டது நினைவிலிருந்தது. இருந்தும் கொப்பியைப் பார்த்து "இல்லை" என்றேன். அந்த மனிதருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று, வாசலில் நின்ற அவர் காதுபட ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

அவர் உள்ளே வந்துவிட்டார். தன் உடைந்த சிங்களத்தோடு கைகளையும் சேர்த்துக்கொண்டு, சுண்டுவிரலும் மோதிரவிரலும் செத்துக் கிடப்பதாகவும், கொதிக்கும் தேத்தண்ணிக் கோப்பை பட்டாலும் அவற்றுக்குத் தெரிவதில்லை என்றும் டொக்டரிடம் சொன்னார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

"சொல்லித் தொலைடா! வெரலு போச்சுன்னா ஸ்டியரிங்க பல்லாலயா புடிப்ப?"

டொக்டர் அண்ணனைக் கண்மூடச் சொல்லி ஊசிமுனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். மூன்று விரல்களுக்குத் தலையசைத்தான். மற்ற இரண்டுக்கும் அசையவே இல்லை. முழங்கையில் நரம்பு நெருக்குப்படுகிறது, மேலும் தாமதித்தால் பிடி திரும்பாமலே போகலாம் என்று சொல்லி, கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ எழுதிப்புடுவியே புள்ள. டொக்டரு பாத்தா வண்டி ஓட்டக் கூடாதும்பாரு. இவன்கிட்ட சொன்னா இவனோட போயிரும்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்ச போ" என்றார் அவர்.

கொப்பியைத் திறந்தேன். "எத்தன நாளா இப்பிடி?"

அண்ணன் அவரைப் பார்த்தான். விபத்து நடந்த நாளிலிருந்து அவரை எந்த முறை சொல்லியும் நான் அழைத்ததில்லை.

"நீங்களே சொல்லுங்கண்ணே" என்றேன்.

கட்டு அவிழ்த்த மறுநாளிலிருந்து என்றார். எந்த விரல் முதலில் மரத்தது, எதுவரை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எழுதிக்கொண்டேன். பிறகு பக்கம் பக்கமாகத் திருப்பி, 'தானே' என்றிருந்த இடங்களையெல்லாம் அடித்து, 'உதவியுடன்' என்று திருத்தினேன். யாருடைய உதவி என்று எழுத மட்டும் என் கை வரவில்லை.