மாமியைத் தள்ளக் கூடாத வேர்ஷன்

என்ரை மனிசன் கேதீஸ்வரனைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் எனக்கு முதலிலை கோபம்தான் வரும். பகல் முழுக்க மானிப்பாயிலை ஒரு கடையிலை உடைஞ்ச போன் திருத்துவார். பின்னேரம் உரும்பிராய் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடிச்ச கையோடை குசினி மேசையிலை போனை நிமித்தி வைச்சு வீடியோ எடுப்பார். எல்லாம் ஒரு பழைய கொம்பியூட்டர் கேமைப் பற்றித்தான். வாளோடை ஊர் ஊராய்த் திரிஞ்சு, ஆக்களோடை கதைச்சு, பேயளோடை சண்டை பிடிக்கிற கேம். அதை எப்பிடி வெல்லுறது, பழைய சீடிக்கும் இப்ப போனுக்கு வந்ததுக்கும் என்ன வித்தியாசம் எண்டு தமிழிலை விளங்கப்படுத்துவார். கனடா, லண்டன் எண்டு எங்கை இருந்தெல்லாமோ பாக்கினம்.

அதிலை அவரின்ரை கெட்டித்தனம், கேமிலை வாற ஆக்களுக்கு எங்கடை ஊர் ஆக்களின்ரை பேர் வைக்கிறது. பாலத்தடியிலை காசு கேக்கிறவன் பஸ் கொண்டக்டர். களஞ்சியத் திறப்பை இடுப்பிலை செருகிக்கொண்டு வாறவன் போறவனையெல்லாம் ஏசிப் பேசுற கிழவி ஒண்டும் இருக்கு. அதுக்கு வைச்ச பேர் பராசக்தி மாமி. என்ரை அம்மா! அவ எனக்குச் சீதனமாய் எழுதித் தந்த வீட்டிலை இருந்து, அவ காய்ச்சின சோத்தைத் திண்டுகொண்டு! உண்ட வீட்டுக்கு ரெண்டகம் எண்டது வேறை என்ன?

ஒருநாள் பின்னேரம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தா. நான் பக்கத்திலை இருந்து வெங்காயம் உரிச்சனான். இவர் தொடங்கினார்.

"பழைய சீடி எண்டால், மாமி பேசேக்கை விளக்கை அணைச்சுப்போட்டு ஆளைக் கிணத்துக்கை தள்ளுங்கோ. திறப்பு உங்களுக்கு, ஆரும் தேடமாட்டினம். புதுசிலை அப்பிடிச் செய்துபோடாதேங்கோ. கடைசிக் கோட்டைக் கதவை மாமிதான் வந்து திறக்கவேணும். அதாலை அவ என்ன பேசினாலும் 'ஓம் மாமி, ஓம் மாமி' எண்ட பட்டனை அமத்திக்கொண்டே இருங்கோ."

பிறகு அம்மாவின்ரை குரலிலையே, "தம்பி, திண்டிட்டுப் படுக்கிறதை விட்டால் உமக்கு வேறை என்ன தெரியும்?" எண்டு பேசியும் காட்டினார். அச்சு அசல் அம்மாதான்.

ரெண்டு கிழமை கழிச்சுக் கோயில் அன்னதானத்திலை வினை வந்தது. கனடாவிலை இருந்து வந்த மச்சாள் நிரோஜினி பந்தியிலை அம்மாவுக்குப் பக்கத்திலை குந்தினாள். "மாமி, உங்களைத் தெரியாத ஆள் எங்கடை பக்கத்திலை இல்லை! உங்களைக் கிணத்துக்கை தள்ளினால்தான் திறப்பு வருமாம்!" எண்டு சொல்லிப் போனை நீட்டினாள். கோதாரி விழ, சத்தமும் கூட்டி வைச்சாள். பந்தியே சிரிச்சுது. அம்மா மட்டும் சிரிக்காமல் கடைசி வரைக்கும் பாத்தா. பிறகு பாதிச் சோத்தோடை இலையை மடிச்சுப்போட்டு எழும்பினா. எனக்கு நிலம் பிளந்து விழுங்காதோ எண்டிருந்தது.

வீட்டை வந்து அவ ரெண்டு சீலையை ஒரு பைக்குள்ளை வைச்சா. மானிப்பாயிலை என்ரை தங்கச்சி சுவர்ணாவிட்டைப் போறாவாம். இனித் திரும்பி வரமாட்டாவாம்.

நான் மனிசனைக் கிழிச்சுத் தோரணம் கட்டினன். "வெக்கம் கெட்ட மனிசா! ஊரிலை இனி என்னெண்டு தலை காட்டுறது?" அவர் அந்த வீடியோவை அழிச்சார். தலை நிமிரவேயில்லை. "மாமி, நீங்கள் இருங்கோ. இது உங்கடை வீடு. நான் போறன்," எண்டார்.

"அவரைப் பேசாதை," எண்டா அம்மா என்னைப் பாத்து. "அவர் பிறத்தியார் பெத்த பிள்ளை. என்ரை வாயும் கொஞ்சம் நீளம்தான், அவருக்குச் சுட்டிருக்கும். ஆனால் பிள்ளை, அந்த வீடியோவிலை என்னைத் தள்ளச் சொல்லேக்கை பின்னாலை விழுந்து விழுந்து சிரிக்கிறது ஆர்?"

நான்தான் சிரிச்சனான். வெங்காயம் உரிச்ச கண்ணீரையும் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சனான். அவர் அழிக்கிற வரைக்கும் அந்தச் சிரிப்பு வீடியோவுக்குள்ளை இருந்தது. அந்த வெக்கத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?

அம்மா பையை அவரிட்டை நீட்டினா. "தம்பி, பஸ் நிக்கிற இடம் வரைக்கும் கொண்டுவந்து விடும்."

"ஓம் மாமி," எண்டு அவர் அதைச் சைக்கிளிலை கொழுவி உருட்டிக்கொண்டு நடந்தார். அம்மா அவருக்குப் பக்கத்திலை நடந்தா. நான் வாசல் படலையடியிலை நிண்டு "அம்மா" எண்டு கூப்பிட்டன். அவர் திரும்பிப் பாத்தார். அவ பாக்கேல்லை.