தறி நின்றிருந்த நேரம்

சோமனூரில் பன்னிரண்டு விசைத்தறி ஓட்டிய ராசப்பனுக்குக் காது கூர்மை. எந்தத் தறியில் சத்தம் மாறுகிறது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். மனைவி தெய்வாத்தாள் பேசும்போது மட்டும், கணக்கு நோட்டையோ போனையோ பார்த்தபடி "சரி, சரி" என்பார். முப்பது வருடப் பழக்கம்.

போன தை மாதம், மார்பில் கட்டி மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னாள். சரி என்றார். பங்குனியில் வலிக்கிறது என்றாள். அதற்கும் அதே சரிதான். மூன்றாவது முறை சொன்னது ஒரு மத்தியானம். கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்தன.

"ஏனுங்க, ஒருக்கா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

கரண்ட் எப்போது வரும் என்று போனில் விசாரித்துக்கொண்டே தலையாட்டினார். அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

ஆவணியில் குளியலறையில் மயங்கி விழுந்தாள். கோயமுத்தூருக்குக் கொண்டுபோனபோது நோய் எலும்புவரை பரவியிருந்தது. இத்தனை நாள் வீட்டில் சொல்லவில்லையா என்று டாக்டர் கேட்டார். ராசப்பன் வாய் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"நாந்தானுங்க சொல்லாம உட்டுப்போட்டேன்."

அவர் மறுக்கவில்லை.

தறிக்கு ஆள் வைத்துவிட்டு மூன்று மாதம் கட்டிலருகிலேயே உட்கார்ந்திருந்தார். போனைத் தொடவில்லை. எங்கே வலிக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். கார்த்திகையில் இறந்துபோனாள்.

காரியம் முடிந்த அன்று, அம்மா இப்படி மறைத்துவிட்டாளே என்று மகள் லோகப்பிரியா அழுதாள். சொல்லியிருந்தாலும் தறிச்சத்தத்தில் கேட்டிருக்காது என்று உறவினர்கள் தேற்றினார்கள். எல்லாரும் போனபின் ராசப்பன் மகளிடம் வந்தார்.

"உங்கம்மா மறைக்குல கண்ணு. மூணு தடவ சொன்னா. மூணும் எங்காதுல உளுந்துச்சு. கடைசியாச் சொன்னப்பத் தறிகூட ஓடுல. நாந்தான் சரின்னு சொல்லிப்போட்டு இருந்துட்டேன்."

மறுநாள் விடிந்ததும் லோகப்பிரியா தன் மகள் நந்திதாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போய்ட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நந்திதா போனில் கூப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்வாள். ராசப்பன் தறிக்கூடத்தை விட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று ஒன்றுவிடாமல் கேட்பார். பேச்சு முடிந்தபின்னும், லோகப்பிரியா போனை வாங்குவாளோ என்று கொஞ்ச நேரம் காதில் வைத்திருப்பார். இதுவரை அவள் வாங்கவில்லை.